அப்பா விளையாடுறாரு

முரியல் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பொய் மிகவும் சின்னது. "அப்பா சும்மா விளையாடுறாரு." அவ்வளவுதான். அதையே ஒரு நாள் மாற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டது.

அவள் புருஷன் பிரெட்ரிக், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். இரண்டு வருஷத்துக்கு முன் மேனேஜர் நடராஜா அவனைக் கூப்பிட்டு ஒரு டிரோனைக் கையில் கொடுத்தார். எந்த மரத்தில் நோய் விழுந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, பழக்குலை திருடுகிறவன் எந்த வழியாக வருகிறான், எல்லாவற்றையும் மேலே இருந்து படம் எடுத்துக் காட்ட வேண்டும். ஆள் நடந்து பார்த்தால் வாரக்கணக்கில் இழுக்கும் வேலை அது. நல்ல சாமான்தான். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. பொழுதுபோக்குக்குச் சின்ன டிரோன் விடுகிறவனை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதையே வேலைக்கு விட்டால் பெர்மிட் வேண்டும், விடுகிறவனுக்குப் பயிற்சி வேண்டும். அதற்கெல்லாம் செலவு செய்ய மேனேஜருக்கு மனசு வரவில்லை.

"உன் பேர்லயே இருக்கட்டும் பிரெட்ரிக். ஞாயித்துக்கிழமையில, வீட்டுச் சட்டையோட விடு. யாராச்சும் கேட்டா ஹோபி, பொழுதுபோக்குன்னு சொல்லிடு லா," என்றார்.

அப்படித்தான் நடந்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிரெட்ரிக் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவான். கழுத்து சுளுக்கும் மட்டும் அண்ணாந்து நின்றுவிட்டு, சாயங்காலம் கண் சிவந்து வருவான். இதற்குப் பெயர் விளையாட்டாம். நல்ல விளையாட்டு.

ஒரு தடவை ரோந்து போலீஸ்காரர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, மேலே பறப்பது யாருடையது என்று கேட்டார். ஏழு வயது அலீசியா கதவோரம் நின்றபடி, முரியல் சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பித்தாள். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். விஷயம் கேள்விப்பட்ட மேனேஜர் அவளுக்குச் சாக்லெட் வாங்கிக்கொடுத்து, கெட்டிக்காரி என்று தலையைத் தடவினார்.

குழந்தை அப்பாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "என்னைய ஒரு தடவ மேலருந்து எடுங்கப்பா." பிரெட்ரிக் எப்போதும் ஒரே பதில் சொல்வான்: "பேட்டரி வேலைக்கே பத்தலம்மா. இன்னொரு நாளைக்கு."

அந்த இன்னொரு நாள், அலீசியா முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய ஞாயிறு. ஒன்பது வயது, வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளைப் பூ வளையம். கோயிலிலிருந்து வந்ததும் பிரெட்ரிக் தானாகவே டிரோனை எடுத்தான். "இன்னிக்கு ஒரு மரத்தையும் பாக்கப் போறதில்ல. எம்மகள மட்டுந்தான் பாக்கப் போறேன்," என்றான். அடுப்படியிலிருந்து கேட்ட முரியலுக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

அலீசியா வாய்க்கால் பாலத்தில் நின்று கையை ஆட்டினாள். டிரோன் அவள் தலைக்கு மேல் வட்டமடித்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் கைத்தவறால் போய்ச் செம்பனை மட்டையில் சிக்கியது. பிரெட்ரிக் குலை வெட்டும் அலுமினியக் கழியைத் தூக்கிக்கொண்டு வந்து அதைத் தட்டிவிடப் பார்த்தான். பக்கத்திலேயே மின்கம்பி ஓடியது. தினமும் மற்றவர்களைக் கம்பி பார்த்து வெட்டச் சொல்லிக் கத்துகிறவன், அன்றைக்குப் பார்க்கவில்லை. பாவி மனுஷன், மகளைப் பார்த்துச் சிரித்தபடியே கழியை உயர்த்தினான்.

முரியல் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை பாலத்தில் அப்படியே நின்றிருந்தது. ஆட்டிய கையை இறக்கக்கூட இல்லை.

அன்று மாலையே மேனேஜர் டிரோனையும் அதன் கருவிகளையும் எடுத்துப் போய்விட்டார். அதற்குள் இரண்டு வருஷத்து மரங்களின் படங்கள் இருந்தன. அவருக்கு அந்தக் கவலை. போலீசிடம் அவரே சொன்னார்: "ஹோபிங்க. லீவு நாள்ல விளையாடப் போய் இப்படி ஆயிடுச்சு."

அடக்கம் முடிந்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. வேலையில் செத்தால் தோட்டத்துக் காப்புறுதிப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்கும். அதைக்கொண்டு வெளியே ஒரு வீடு பார்க்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். விளையாடிச் செத்தால் ஒன்றும் கிடையாது. லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கூட வேலை செய்தவர்களிடம் போய்க் கேட்டாள். பிரெட்ரிக் ஞாயிறுதோறும் மரம் பார்த்தது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். மேனேஜருக்குப் பயந்து ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் வேலை செய்ததை விளையாட்டு என்றார்கள். ஒரே ஒரு நாள் விளையாடியதை வேலை என்று சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? முரியல் அலீசியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"யாரு கேட்டாலும், அப்பா வேல செஞ்சாருன்னுதான் சொல்லணும். மரம் பாத்தாருன்னு சொல்லணும். தெரியுதா?"

"ஆனா அன்னைக்கு என்னையதானம்மா எடுத்தாரு."

"யாரு கேட்டாலும், அலீசியா."

"இத ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

"வேணாம். அத அம்மா சொல்லிக்கிறேன்," என்றாள் முரியல். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

விசாரிக்க வந்த காப்புறுதி அதிகாரி உஷாராணி என்ற பெண். தன்மையானவள். தோட்டத்து ஆபீசில் முரியலையும் அலீசியாவையும் உட்கார வைத்து நிதானமாகக் கேட்டாள். முரியல் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிச் சொன்னாள். மேனேஜர் நடராஜா நாற்காலியில் சாய்ந்தபடி, வருத்தமான முகத்தோடு தலையை ஆட்டினார்.

"துக்கத்துல பேசுறாங்க, நான் தப்பா நெனைக்கல. பாப்பா அங்கதான நின்னுச்சு? அதுகிட்டயே கேளுங்க. சின்னப் புள்ள பொய் சொல்லாது," என்றார்.

என்ன நெஞ்சழுத்தம் அந்த மனுஷனுக்கு. தான் சாக்லெட் கொடுத்து வளர்த்த பொய் இன்றைக்கும் தன் பக்கம் பேசும் என்று நம்பித்தான் கேட்டார்.

உஷாராணி குனிந்து, "அப்பா அன்னைக்கு என்னம்மா செஞ்சுகிட்டு இருந்தாரு?" என்றாள்.

அலீசியா மேனேஜரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா வேல செஞ்சாரு. மரம் பாத்தாரு."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா யோசிச்சு சொல்லு பாப்பா. நீ வெள்ளக் கவுன் போட்டுகிட்டு அங்க நின்னீல்ல? ஒன்னத்தான படம் எடுத்தாரு?"

"இல்ல அங்கிள். என்னைய எடுங்கன்னு கேட்டேன். பேட்டரி வேலைக்கே பத்தலன்னுட்டாரு. எப்பவும் அப்படித்தான் சொல்வாரு." குழந்தையின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நான் கைய ஆட்டுனேன். அப்பா என்னையப் பாக்கவே இல்ல."

இதை முரியல் சொல்லிக்கொடுக்கவில்லை. உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குழந்தை சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பணம் வந்தது. புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். மேனேஜரை எங்கோ மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு முரியலுக்குச் சந்தோஷமும் வரவில்லை.

சாமான் அடுக்கும்போது அந்த வெள்ளைக் கவுன் கையில் அகப்பட்டது. முரியலுக்குத் தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி, கவுனை மடியில் விரித்தாள்.

"அலீசியா, இப்ப இங்க யாருமில்ல. அம்மாகிட்ட சொல்லு. அன்னைக்கு அப்பா ஒன்னத்தான பாத்தாரு? ஒனக்காகத்தான பறக்க விட்டாரு?"

அலீசியா கவுனைத் தொடவில்லை.

"இல்லம்மா. அப்பா வேல செஞ்சாரு."

"அம்மாதான் கேக்குறேன்."

"நீங்கதான சொன்னீங்க, யாரு கேட்டாலும்னு," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனாள்.