கணீர் பார்க்கிறவர்

சத்தம் வேறு, கணீர் வேறு. இதை ஊருக்குப் புரியவைப்பதிலேயே சங்கிலிமுத்துவுக்கு இருபத்தாறு வருடம் போய்விட்டது. தாயில்பட்டிக்குக் கிழக்கே இருந்த பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலையே அதுதான். புதுசாகக் கலந்த வெடிமருந்தில் செய்த வெடி நாலைக் கொண்டுவந்து பொட்டலில் கொளுத்துவார்கள். இவர் பதினைந்து அடி தள்ளி, காதில் பஞ்சுகூட வைக்காமல் நிற்பார். சத்தம் எந்தக் கழுதையும் போடும். பிசிறில்லாமல் புறப்பட்டு, ஓய்ந்த பிறகும் ஒரு நொடி காதில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நின்றால் "கணீர்" என்பார். நிற்காவிட்டால் "பொத்து" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் போர்மேன் கண்ணுச்சாமி அடுத்த மருந்துக்குப் பாகம் சொல்லுவார்.

சத்தத்தை அளக்கிற மீட்டர் ஒன்று ஆபீஸ் பீரோவில் இருக்கத்தான் செய்தது. அதிகாரிகள் வருகிற அன்று தூசி தட்டி வெளியே எடுப்பார்கள். "மீட்டரு எம்புட்டுச் சத்தம்னு சொல்லும். என்ன சத்தம்னு சொல்லுமா?" என்று முதலாளியே ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சங்கிலிமுத்துவுக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது உண்மை. ஊரில் யாராவது சீர்வரிசைக்கு அண்டா வாங்கப் போனாலும், கோயிலுக்கு மணி எடுக்கப் போனாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். கம்பெனி வேனில் வேலைக்கு வரும் பொம்பளையாட்கள் அவரைக் கணீர் மாமா என்றே கூப்பிட்டார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது.

இந்த ஆடியில்தான் எல்லாம் கெட்டது. எந்த வெடியும் அவர் காதில் நிற்கவில்லை. திங்கட்கிழமை "பொத்து" என்றார். கண்ணுச்சாமி மருந்தில் வீரியத்தைக் கூட்டச் சொன்னார். புதன்கிழமையும் பொத்து. இன்னும் கூட்டினார்கள். சனிக்கிழமையும் அதே சொல்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் மருந்து கோணல் என்றார். மருந்து கலக்கிற அறையில் நின்றது வேறு யாருமல்ல, அவருடைய அக்கா மகனும், ஒரே மகள் ரோஜாவின் புருஷனுமான செழியன்.

ஞாயிற்றுக்கிழமை செழியன் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். வெடி நல்லாத்தான இருக்கு? அங்கன அறைக்குள்ள நிக்கிற எனக்கே காது கூசுது. போர்மேன் இன்னும் கூட்டச் சொல்றாரு. மருந்து இப்பவே ரோசம் புடிச்சுக் கெடக்கு, தொட்டாலே பத்திக்கும்போல. சல்லடையத் தட்டவே பயமா இருக்கு மாமா."

"நீ எனக்குக் காது குத்துறியாலே? இருவத்தாறு வருசமாப் பாக்கேன். கலக்குற வேலைய மட்டும் பாரு."

செழியன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மாமனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. அந்தப் பழக்கம் மட்டும் அவனுக்கு இருந்திருந்தால்!

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி அய்யம்மாள் பாத்திரம் கழுவும்போது எவர்சில்வர் தாம்பாளம் கைநழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விளிம்பில் நின்று சுழன்று சுழன்று அடங்கியது. அய்யம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். சங்கிலிமுத்துவுக்கு ஈரச் சாக்கு விழுந்த மாதிரிதான் கேட்டது.

"ஏத்தா, ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"இதென்ன கேள்வி? கணகணன்னு உசுரே போச்சு."

அவர் எழுந்து வந்து தாம்பாளத்தை எடுத்துத் தானே கீழே போட்டார். மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை அய்யம்மாள், "கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கத்தியபடி பிடுங்கிக்கொண்டாள். அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருந்தில் ஒரு குற்றமும் இல்லை. காதுதான் போய்விட்டது. நல்ல மருந்தை மூன்று தடவை கெடுத்து, அந்த மருந்தின் முன்னால் மருமகனை நிறுத்தியிருக்கிறார்.

'எங்காது போச்சுய்யா, பழைய பாகத்துக்கே போயிருங்க.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மறுநாள் கம்பெனி வேனில் போகும்போது நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் பொட்டலில் கண்ணுச்சாமியும் ஆட்களும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்தபோது நாக்கு எழவில்லை. கணீர் மாமா நாளை முதல் செவிட்டு மாமா. சிரிக்க மாட்டார்களா?

திரி பற்றியது. வெடித்தபோது நெஞ்சில் குத்து விழுந்த மாதிரி இருந்தது. காதில் ஒன்றும் நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. கணீர் என்று சொல்லிவிட்டால் இனிமேல் கூட்டமாட்டார்கள் அல்லவா? செழியனும் பிழைத்தான், தன் மானமும் பிழைத்தது.

"கணீர்!" என்றார்.

கண்ணுச்சாமி கையைத் தட்டினார். "அப்பாடா! ஒரு வாரமா உசுர எடுத்தான், இப்பச் சொல்லிட்டான்யா. ஏலே, இதுதான் பாகம். தீவாளி ஆர்டர் அம்புட்டுக்கும் இதே அளவுதான். ஒரு பொட்டுக் குறையக் கூடாது."

இனிமேல் கூட்டாமல் இருக்கத்தான் சங்கிலிமுத்து சொன்னார்; கூட்டி வைத்ததே நிலைத்துவிட்டது. அந்த நிமிஷம்கூடச் சொல்லியிருக்கலாம். ஆட்கள் கலையட்டும், நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். நாளை என்பதைக் கண்டுபிடித்தவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் போர்மேனைத் தேடி நடந்துகொண்டிருந்தபோது காலுக்கடியில் தரை தூக்கிப் போட்டது. சூடான காற்று அவரைத் தள்ளி விழவைத்தது. எழுந்து பார்த்தார். பொம்பளையாட்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தியின் சத்தமும் வரவில்லை. மிச்சமிருந்த காதும் அதோடு போயிற்று. மருந்து கலக்கிற அறை இருந்த இடத்தில் அறை இல்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே ரோஜா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அய்யம்மாள். சங்கிலிமுத்து மகள் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னார். செழியன் வந்து கேட்டதை, தான் அவன் வாயை அடைத்ததை, தாம்பாளத்தை, கணீர் என்று பொய் சொன்னதை, ஒன்று விடவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணுச்சாமி ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். அவர் உதறிவிட்டுச் சொல்லி முடித்தார்.

ரோஜா அழவில்லை. அவரைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். நாலைந்து வார்த்தை இருக்கும். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அதைக் கேட்ட அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ரோஜா எழுந்து, தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மகள் என்ன சொன்னாள் என்று அய்யம்மாளிடம் ஜாடையிலாவது கேட்டிருக்கலாம். அன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.