செருப்பு வெளியேதான் இருந்தது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. வேலை செய்ய இயலாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை கேட்டு என் அம்மா போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீட்டுத் தாள்களில் ஒரு பக்கத்தை முழுக்கக் காலியாக விட்டு, மேலே ஒரு வரி மட்டும் அச்சடித்திருந்தார்கள்: 'உங்களுடைய வழக்கமான ஒரு நாளை விவரிக்கவும்.' எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே பேனா என் கைக்கு வந்தது. காலையில் அம்மா கட்டிலை விட்டு எழுந்திருப்பதை எழுதி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. அதில் இடம் கிடைக்காமல் போன மிச்சம்தான் இது.

இதில் வரும் மகளை 'அவள்' என்றே எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதினால் வரிக்கு வரி யாரையாவது திட்டத் தோன்றுகிறது. திட்டு அதிகமானால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பெரிய மருத்துவமனையின் லாண்டரியில், ஈரத் துணிகளோடு தன் இளமையையும் சேர்த்துப் பிழிந்த அந்தத் தாய்—'

வேண்டாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் சிரிப்பாள். பிழிந்தது மிஷின். அவள் செய்தது, பிழிந்ததை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டது. ஈர விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று 'இளமை' என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் முயற்சி: 'முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு வட்டுகள் நழுவி நரம்பை அழுத்துவதால், இடதுகாலில்—'

இது ஸ்கேன் ரிப்போர்ட். ஏற்கெனவே அவர்களிடம் கொடுத்தாயிற்று. படித்தார்களா என்று கேட்கக் கூடாதாம்.

மூன்றாம் முயற்சி: அம்மா தலைசீவிக்கொண்டிருந்தாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அம்மா தலைசீவிக்கொண்டிருந்தாள். உதவித்தொகைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று அரசு டாக்டர் பார்க்கும் நாள் அது. வாசலில் நின்றிருந்த எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்படிப் போனா எவன் குடுப்பான்? பொண்ணு பாக்கவா வர்றாங்க? தலையைக் கலைச்சு விடு. ஒரு தடியை ஊனிக்கோ. உள்ள நுழையறப்பவே ஐயோ அம்மான்னு உக்காரு."

"எங்க வீட்டுல ஏது தடி?"

"ஒட்டடைக் கம்பு இருக்குல்ல?"

மகள் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "ஆபீசுக்குப் போறப்ப மனுஷி மாதிரி போகணும்" என்று சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள்.

டாக்டரின் அறை நீண்ட நடைபாதையின் கோடியில் இருந்தது. 'காலணிகளை வெளியே விடவும். உடன் வருபவர் வெளியே இருக்கவும்.' அம்மா செருப்பைக் கழற்றினாள். மகள் அதைக் காலால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

(உள்ளே என்ன நடந்தது என்று மகளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்வது நியாயமில்லை. நீங்களும் பெஞ்சில் உட்காருங்கள்.)

அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா கேட்டார்?"

"நல்ல மனுஷன். அதட்டாமப் பேசினார்."

பேருந்தில் இடம் இருந்தும் அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி வீடுவரை நின்றுகொண்டே வந்தாள்.

4

தள்ளுபடிக் கடிதத்தோடு வந்த டாக்டரின் அறிக்கை இப்படி இருந்தது: 'நேர்த்தியான தோற்றம். நலம் விசாரித்தபோது நன்றாக இருப்பதாகத் தெரிவித்தார். காலணியைத் தேடும்பொருட்டு நீண்ட நேரம் குனிந்த நிலையில் இருந்தார். சிரமம் ஏதும் தென்படவில்லை. வேலை செய்யும் திறன் உள்ளவர்.'

மகள் காலணி வரியில் நின்றுவிட்டாள்.

"செருப்பு வெளியேதானே இருந்துச்சு? என் காலடியில. உள்ள போய் எதைத் தேடின?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அவரா ஏதோ எழுதிட்டார் போல."

"அம்மா."

"விடுடி."

"அம்மா."

பிறகுதான் வந்தது. பரிசோதனைக் கட்டிலின் விரிப்பு ஒரு பக்கம் சரிந்து அதன் நுனி தரையில் கிடந்தது. லாண்டரிக்காரர்களுக்குத் தரையைத் தொட்ட விரிப்பு அழுக்கு விரிப்பு. அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு அவர்களால் சும்மா நிற்க முடியாது. டாக்டர் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை அவளைக் கேட்காமலே போயிற்று. குனிந்து நுனியைப் பிடித்தாள். அவ்வளவுதான், முதுகு அங்கேயே பூட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இடதுகால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"என்னம்மா தேடறீங்க?"

"செருப்பு சார்."

"சரி சரி, மெதுவாப் பாருங்க."

அதற்குள் அவருக்கு ஒரு போன். அவர் பேசி முடிக்கும்வரை அம்மா இல்லாத செருப்பைத் தேடினாள். அவர் அச்சு எடுக்கத் திரும்பியபோது கட்டில் காலைப் பிடித்து, சட்டத்தைப் பிடித்து, சுவரைப் பிடித்து மேலே வந்தாள்.

(பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன். லாண்டரியில் வலி என்று வாய் திறந்தவர்களுக்கு அடுத்த வாரம் ஷிஃப்ட் இருக்காது. அதனால் இடுப்பு பிடித்துக்கொண்டால், விரிப்பிலிருந்து உதிர்ந்த பொத்தானைத் தேடுவதுபோல அப்படியே குனிந்து நிற்பார்கள். மேற்பார்வையாளர் தாண்டிப் போனதும் பக்கத்தில் இருப்பவள் வந்து தூக்கிவிடுவாள். 'பொத்தான் பொறுக்கறது' என்று அங்கே அதற்குப் பேர். விரிப்பில் பொத்தானே கிடையாது என்பது அந்த மேற்பார்வையாளருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. டாக்டர் அறையில் பொத்தானுக்குப் பதில் செருப்பு. பக்கத்தில்தான் ஆள் இல்லை.)

5

இந்த மகளை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் டாக்டர்மீது பாய்ந்திருக்க வேண்டும். ஆனால் கைக்கு எட்டிய ஆள் அம்மாதான்.

"முடியலைன்னு சொல்லத்தானே போனோம்? அதை மட்டும் மறைச்சுட்டு வந்திருக்க. உன்னை மாதிரி ஒருத்தியை நான் பாத்ததே இல்ல."

"கத்தாதே. உன்னைப் படிக்க வெச்சது என்கிட்ட கத்தறதுக்கா?"

"படிக்க வெச்ச முதுகுதான் இப்ப போச்சு. அதுக்குத்தான் கேக்கறோம். பிச்சையா கேக்கறோம்?"

அம்மா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "அந்த ஆள் முன்னாடி அப்படி வளைஞ்சு கிடந்தேன்னு நாலு பேர்கிட்ட சொல்லச் சொல்றியா?"

"மூணு பேர். மேல்முறையீட்டைக் கேக்கற குழுவுல மூணு பேர்தான்."

(அந்தப் பதிலுக்கு மகளை அறைந்திருக்க வேண்டும். அம்மா அறையவில்லை.)

மேல்முறையீட்டில் உறவினர் பக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. எழுதிக் கொடுத்ததையும் விண்ணப்பதாரர் தன் வாயால் உறுதிசெய்ய வேண்டும். இதுவும் தள்ளுபடியானால் அதற்கு மேல் போக வழியில்லை. அம்மா லாண்டரிக்குத் திரும்பிப் போவாள். போக முடியாத முதுகோடு போவாள். போய்ப் பொத்தான் பொறுக்குவாள்.

6

ஒத்திகை. மகள் கட்டிலில் உட்கார்ந்து குழுவாக மாறினாள். அம்மா எதிரே நின்றாள்.

"வாங்கம்மா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க."

"அம்மா!"

"கேட்டா அப்படித்தானேடி சொல்லணும்? எடுத்த எடுப்புல இழவு பாடுவாங்களா யாராவது?"

"பாடு. உனக்குப் பாடத்தான் கூப்பிட்டிருக்காங்க. சரி, அடுத்தது. அன்னைக்கு ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தீங்களாமே?"

அம்மா கொடியில் கிடந்த துணியை இழுத்து நேராக்கினாள்.

"சொல்லும்மா. நிமிர முடியலைன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

"வேற எது வேணா கேளு."

"அவங்க அதைத்தான் கேப்பாங்க."

"சொல்லிட்டா அப்புறம் நான் அப்படித்தான்னு ஆயிடும்டி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் போனாள். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

7

முடிவுகளைப் பார்க்கலாம்.

ஒன்று. அம்மா எல்லாவற்றையும் சொல்கிறாள். குழு கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்று. குழுவின் முன்னாலேயே அம்மா தடுமாறி விழுகிறாள். இது நன்றாக எடுபடும், எதிர்வீட்டு அக்காவுக்கும் பிடிக்கும். அம்மா கீழே கிடந்தால்தான் நம்புவீர்கள் என்றால், உங்களுக்கும் அந்த டாக்டருக்கும்— 

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. திட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மகள் விதியை மீறி எழுந்து பேசுவதுபோலவும் எழுதினேன். கைதட்டு விழும்படியான பேச்சு. அம்மாவுக்குப் பதில் அம்மாவாகப் பேசியிருந்தாள். கிழித்துவிட்டேன்.

8

எனவே, எனக்கு எழுத வந்த வரைக்கும்:

நீள மேசை. பின்னால் மூன்று நாற்காலிகள். முதலாவதில் ஒரு பெண் டாக்டர். நடுவில் துறை அதிகாரி. மூன்றாவது, விதிப்படி, பொதுமக்களில் ஒருவருக்கு. அம்மா தலைசீவித்தான் வந்திருக்கிறாள்.

"உக்காருங்கம்மா" என்கிறார் அதிகாரி. "எப்படி இருக்கீங்க?"

"இருக்கேங்க."

அதில் எது குறைகிறது என்று மகளுக்கு மட்டும் தெரிகிறது. பெண் டாக்டர் அறிக்கையைப் புரட்டுகிறார்.

"செருப்பைத் தேடி ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தீங்கன்னு எழுதியிருக்கு. உண்மையா?"

அம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "குனிஞ்சது உண்மைதாங்க."

பெண் டாக்டர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொள்கிறார். மகள் வாயைத் திறந்து, மூடுகிறாள். அதிகாரி பேனா மூடியைக் கழற்றி, முடிவு எழுதும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்றாவது நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?"

அந்த நாற்காலியில் முதலில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியரை உட்கார வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கடைக்காரரை. 'ஒண்ணுமில்ல சார், நீங்க பாத்துச் செய்யுங்க' என்றார். இரண்டு பேரையும் எடுத்துவிட்டேன். இப்போது அது காலி. நீங்கள் போய் உட்காருங்கள்.

பக்கத்தில் இருக்கும் இருவருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அதை நீங்களாகச் சொல்ல அனுமதி இல்லை, கேள்விதான் கேட்கலாம். அம்மா கேட்காமல் சொல்ல மாட்டாள். கேட்டால் சொல்வாளா, எனக்குத் தெரியாது. அவளோடு இத்தனை காலம் ஒரே அறையில் இருந்த எனக்கே தெரியாது. 

அதிகாரியின் பேனா தாளுக்கு மேலே நிற்கிறது. அம்மா உங்களைத்தான் பார்க்கிறாள்.