பூட்டிய ஃபோல்டர்

"நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட நம் குடியிருப்பின் சரித்திரத்தில் இன்று பொன்னாள். இனி அறிவிப்புகளை எந்த மனிதக் கையும் ஒட்டாது. எந்த மனிதக் காலும் மாடி மாடியாக ஏறிவந்து சொல்லாது. செயலாளர் எழுதிச் சேமித்த அந்தக் கணமே, கணினி தானாகவே அனைவருக்கும் அனுப்பி வைக்கும். வாழ்க விஞ்ஞானம்."

லிஃப்டுக்குள் கடைசியாக ஒட்டப்பட்ட காகிதம் இது. பசை தடவி ஒட்டியவரும் செயலாளரேதான்.

ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் அவருடைய மச்சினன், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். செயலாளரின் கணினியில் 'அறிவிப்புகள்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரு கோப்பு புதிதாக வந்தாலும் சரி, ஓர் எழுத்து மாறினாலும் சரி, காவலுக்கு உட்கார்ந்திருக்கும் நிரல் மோப்பம் பிடித்து, எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்பிவிடும்.

"உங்க பேரையும் லிஸ்ட்ல சேர்க்கட்டுமா அத்தான்?"

"எழுதுறதே நான். எனக்கே எதுக்குய்யா அனுப்பணும்?"

"சரி. பாஸ்வேர்டு போட்டுட்டேன். உங்களைத் தவிர யாரும் இதுக்குள்ள கை வைக்க முடியாது."

அவன் ஒரு மணி நேரம் விளக்கியதில், இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் செயலாளரின் மனத்தில் தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இந்த முறை யாரோ இழுக்கப் போகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். யார் என்றுதான் தெரியவில்லை. சந்தேகங்களை ஒரு ரகசியக் குறிப்பாக எழுதி வைக்கத் தீர்மானித்தார். அதற்குப் பூட்டிய ஃபோல்டரைவிடப் பத்திரமான இடம் ஏது?

"இரண்டாம் மாடிப் பல் டாக்டர் பார்ப்பவரிடமெல்லாம் இளிக்கிறார். எல்லாம் ஓட்டுக்காகத்தான். இவருடைய நோயாளிகளால் லிஃப்ட் தேய்கிறது."

சேமித்தார். முன்பொரு முறை மின்சாரம் போய் ஆண்டறிக்கை மொத்தமும் காணாமல் போனதிலிருந்து, வாக்கியத்துக்கு ஒரு தடவை சேமிப்பது அவர் பழக்கம்.

மறுநாள் காலை லிஃப்டில் பல் டாக்டர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். இறங்கும்போதுதான் திறந்தார்.

"கவலைப்படாதீங்க சார். பேஷண்டுங்களை இனிமே படியிலயே ஏறி வரச் சொல்லிட்டேன்."

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லையே! அன்றே எழுதினார்: "டாக்டருக்கு யாரோ தகவல் கொடுக்கிறார்கள். மூன்றாம் மாடித் தையல்காரம்மாவாக இருக்கும். அளவெடுக்கிற சாக்கில் வீடு வீடாகப் போய் வம்பு பேசுகிறவர்."

மாலையில் தையல்காரம்மா, செயலாளர் தைக்கக் கொடுத்திருந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு கை முழங்கைக்கு மேலும், மறு கை விரல் நுனிக்குக் கீழும் நின்றது.

"அளவெடுக்காம குத்துமதிப்பா தைச்சிட்டேன் சார். வீட்டுக்கு வந்தா வம்பு பேச வந்தேன்னு யாராவது எழுதிடப் போறாங்க, பாருங்க."

எழுதிடப் போறாங்களா? அப்படியானால் எழுத்தைப் பார்த்த கண் ஒன்று இருக்கிறது. செயலாளர் அறைக்கதவைச் சாத்தினார். ஜன்னலை மூடினார். திரைக்கும் தன் தலைக்கும் சேர்த்து ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆவி பிடிப்பவரைப்போல் உட்கார்ந்து தட்டினார்: "உளவாளி என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மனைவி மீது ஒரு கண் வைக்க வேண்டும்."

சேமித்தார். அடுத்த அறையில் மனைவியின் செல்போன் சிணுங்கியது. சற்று நேரத்தில் கதவு திறந்தது. தேநீர் டம்ளர் மேசைமேல் நங்கென்று வந்து உட்கார்ந்தது.

"ஒரு கண்ணு எதுக்கு? ரெண்டையும் வைங்க."

"உனக்கு... உனக்கு யாருடி சொன்னது?"

"நீங்கதான்."

"பொய்!"

"சரி, பொய்." அவள் போய்விட்டாள்.

மச்சினனைச் செல்போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூந்துட்டான்! நான் எழுதுறதெல்லாம் வெளியில போகுது!"

"தெரியுமே அத்தான். சரியா போகுதான்னு பார்க்க நானும் லிஸ்ட்ல இருக்கேன்ல? ரெண்டு நாளா படிக்கிறேன். என்னைப் பத்தி எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்."

செயலாளருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "அட பாவி, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேணும்னே எழுதுறீங்கன்னு நெனச்சேன். தேர்தல் பிரசாரம்னு."

அவர் ரகசியக் குறிப்பை ஒரு வரி விடாமல் அழித்துச் சேமித்தார். அழிப்பதும் மாற்றம்தானே, காலிப் பக்கம் ஒன்று வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதியவற்றிலேயே யார் மனத்தையும் புண்படுத்தாதது அதுதான்.

பிறகு யோசித்தார். முன்பு ஒரே ஓர் எதிரி; யார் என்றுதான் தெரியாது. இப்போது வீட்டுக்கு ஒருவர். அவர்களில் நாற்காலிக்கு நிற்கப்போவது டாக்டரா, தையல்காரம்மாவா, இல்லை இருவரும் சேர்ந்து வேறு யாரையாவது நிறுத்துவார்களா? சனிக்கிழமை முழுதும் கதவின் துளைவழியே படிக்கட்டைக் கண்காணித்தார். இரண்டு பேர் சேர்ந்து இறங்கினாலே கூட்டணி என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. செயலாளர் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை.