போணிக்கு முன் திறக்காத தளம்

இது ஆவணியில் நடந்ததா, புரட்டாசி பிறந்த பிறகா என்பதில் எனக்கே சந்தேகம். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதையும் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். சுகாசினிக்கு வந்த எரிச்சல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஜீவந்தரன் நடத்தும் பட்டுக்கடைக்கு, ஊழியர்கள் மட்டும் பார்க்கிற இணையதளம் ஒன்று உண்டு. புடவையை மாற்றிக் கொடுக்கும் விதி, ஜரிகை கறுத்தால் என்ன செய்வது, விடுப்பு, கூரியர் எல்லாம் அதில் இருப்பதாகப் பேர். யாரும் திறப்பதில்லை. சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் வீரபத்திரனுக்குப் போன் போடுவார்கள். அவர் விற்பனையில் இருக்கும் கிரேஸிடம் ஒரு விதியும், அடுத்த நிமிஷமே அம்சாவிடம் வேறொரு விதியும் சொல்வார். இரண்டிலும் உறுதி குறையாது.

"ஏன் திறக்கலைன்னு அவங்களையே கேட்டுத் தெரிஞ்சுக்கோம்மா. தீபாவளிக் கூட்டத்துக்குள்ள சரி பண்ணிட்டா உன் வேலை நிரந்தரம்," என்றார் ஜீவந்தரன், தளத்தைச் சரிசெய்ய வந்த சுகாசினியிடம்.

சுகாசினிக்கு வீடு செவிலிமேட்டில். விடியுமுன் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் வந்து அலுத்துப்போய், இந்தத் தற்காலிக வேலைக்கு வந்தவள். அந்த பஸ்ஸில் மறுபடி ஏறவே கூடாது என்றிருந்தாள்.

புடவை விரிக்கும் மெத்தையின் ஓரத்திலேயே ஒவ்வொருவரையும் உட்காரவைத்து லேப்டாப்பைக் கொடுத்தாள்.

"கிரேஸக்கா, ஜாக்கெட் துணி வெட்டின புடவையைத் திருப்பி வாங்கலாமா? அதுக்கு விதி தேடுங்க."

கிரேஸ் தட்டினாள். திரையை ஒரு கணம் பார்த்தாள். "நல்லா இருக்குதும்மா."

"கிடைச்சுதா?"

"வரும்."

"எப்பக்கா வரும்?"

"வந்துக்கினே இருக்குது. நீ டென்ஷன் ஆவாத."

அம்சா இன்னும் ஒரு படி மேலே போனாள். "சூப்பரா பண்ணிக்கிற பா. கலரு கூட எடுப்பா இருக்குது."

சுகாசினி எழுதிவைத்த குறிப்புகளின்படி எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. வேலை நேரத்தில் தளத்தை மட்டும் யாரும் திறக்கவில்லை. அன்று வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்கிற முகங்களாக அவை தெரியவில்லை. எரிச்சலே அதுதான்.

மறுநாள் கடை திறந்ததும் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து அவளே எதையோ தேடிப் பார்த்தாள். திரை நிறையச் சிவப்பெழுத்தில் 'இல்லை' என்று வந்தது. அம்சா பாய்ந்து வந்து லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"இன்னாம்மா நீ! இன்னும் போணி ஆவல, ஒரு பொடவை விக்கல, அதுக்குள்ள 'இல்லை'ன்னு காட்டிக்கினு கீற?"

அந்தக் கடையில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை என்பது அப்போதுதான் சுகாசினிக்கு உறைத்தது. கேட்ட நிறம் இருப்பில் தீர்ந்திருந்தால் பேசாமல் வேறொன்றை விரிப்பார்கள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?"

"கிடைச்சுதான்னு கேட்ட. விக்கிற எடத்துல உக்காந்துக்கினு அதுக்கு இன்னா பதில் சொல்ல? நல்லா கோத்து வுடற எங்கள."

மதியம் அவர்களை மாடியில் பார்சல் கட்டும் அறைக்குக் கூட்டிப்போனாள். வாடிக்கையாளர் யாரும் அங்கே ஏறி வருவதில்லை. அதே கேள்விகளைத்தான் கேட்டாள்.

"அதுல இன்னா இருக்குது? ஒரு மண்ணும் இல்ல," என்றாள் கிரேஸ். வெட்டின புடவை பற்றி இல்லை. சாயம் போனால் என்ன செய்வது என்று இல்லை. வெளியூருக்கு அனுப்பியது திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்று இல்லை.

"லீவு ரூலு மட்டும் நாலு எடத்துல போட்டு வெச்சிக்கிறாங்க. அதுவும் எடுக்கக் கூடாதுன்னு," என்றாள் அம்சா. எல்லோரும் சிரித்தார்கள். சுகாசினிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜீவந்தரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தச் சிவப்பெழுத்தை எடுத்துடு. எதைத் தேடினாலும் கிட்டத்துல இருக்கிறது ஒண்ணைக் காட்டட்டும். கடையில அதைத்தானே பண்றோம்?"

"வேற புடவை காட்டலாம் சார். வேற விதியை எப்படிக் காட்டறது? அதை நம்பிக் கஸ்டமர்கிட்ட சொல்லிடுவாங்க. நீங்களும் வீரபத்திரன் அண்ணனும் உக்காந்து முடிவு பண்ணிச் சொன்னா, நான் எழுதிடறேன்."

"தீபாவளி நேரத்துல இத்தனையும் யாரும்மா முடிவு பண்றது?"

'சரி சார்' என்று சொன்னால் வேலை அவளுடையது.

"என்னால அப்படிப் போட முடியாது சார்."

"பாக்கலாம்மா," என்றார் அவர், மிகவும் அன்பாக.

அவரும் 'இல்லை' என்று வாயால் சொல்லாத அந்தக் கடைக்காரர்தானே என்பது படியிறங்கும்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

தளத்தை இப்போது ஜீவந்தரனின் மகன் ஸ்ரேயாஸ் கவனிக்கிறான். எதைத் தேடினாலும் அது எதையாவது காட்டுகிறது. காலையிலேயே எல்லோரும் திறக்கிறார்கள். அதில் வந்ததைப் படித்து, வெட்டின புடவை ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு கிரேஸ் திட்டு வாங்கினாள். அம்சா வேறு கடைக்குப் போய்விட்டாள். வீரபத்திரனின் போன் ஓயவில்லை. சுகாசினி சென்னையில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் பஸ் ஏறுகிறாள்.