அஞ்சு வயதுப் பட்டை

தீம் பார்க் வாசலில் இப்போதெல்லாம் டிக்கெட் கிழிப்பதில்லை. கையில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். எந்த ராட்டினத்தில் எத்தனை மணிக்கு ஏறலாம் என்பதையும் போனே சொல்லிவிடுகிறது. கால் கடுக்க நின்று, முன்னால் நிற்பவரோடு சண்டை போட்டு, கடைசியில் அவரோடே உறவு கொண்டாடிய காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று, மகளோடும் பேத்தியோடும் வந்திருந்த பெயிண்டருக்கு ஒரே அங்கலாய்ப்பு.

நர்ஸ் வேலை பார்க்கும் மகளுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதால் போனில் பதிவு செய்ததும் அவர்தான். ஆறு வயதுக்குக் கீழே இலவசம் என்று பார்த்ததுமே, ஏழு முடிந்த பேத்திக்கு அவருடைய கட்டைவிரல் தானாகவே ஐந்தைத் தொட்டுவிட்டது. பழக்கதோஷம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டார், மனுஷன்.

பேத்தி சரியான வாலு. போன வருடம் ஒரு விரல் உயரம் குறைந்ததால் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற முடியாமல், ஒரு வருடமாக அதே பேச்சாக இருந்தவள். இன்று அளவுகோலையே தலையால் முட்டினாள். ஆனால் ரோலர் கோஸ்டர் வாசலில் நின்ற பெண் பட்டையை இயந்திரத்தில் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“பாப்பாக்கு அஞ்சு வயசுன்னு இருக்கே. ஏழு ஆகியிருக்கணும்.”

“எனக்கு ஏழு! இங்க பாருங்க, பல்லே விழுந்தாச்சு!”

“கம்ப்யூட்டர் தப்பா காட்டுதும்மா” என்றார் பெயிண்டர்.

“கம்ப்யூட்டர்கிட்ட யாரு தாத்தா சொன்னா?”

“இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு சார். விட்டா இன்னிக்கு வேற நேரம் கிடையாது. ஆபீஸ்ல மாத்திட்டு வாங்க” என்றாள் அந்தப் பெண். வாலுவின் உதடு பிதுங்கியது.

மகள் அப்பாவையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். சிரித்தாள். அதுதான் சுருக்கென்றது.

“நாலு வருஷம் எனக்கு நாலு வயசாவே இருந்துச்சுப்பா. ஏழு வயசுல இடுப்புல தூக்கி வச்சுட்டு உள்ள கூட்டிட்டு வந்தீங்க. ராட்டினம் ஏறணும்னு கேட்டா உங்க குட்டு வெளிப்பட்டுடும். அதான் வாயே திறக்கல. நீங்க என்னடான்னா என்னைப் பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொன்னீங்க.”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓடினார். முட்டி வலி என்று மாடி ஏற மறுக்கும் மனிதர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆபீஸுக்கு ஓடினார்.

“பேத்திக்கு ஏழு வயசு. நான்தான் பொய் சொன்னேன்.”

“சத்தமா சொல்லுங்க சார், கேக்கல” என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

சொன்னார். பின்னால் நின்ற குடும்பமே சிரித்தது. முழு டிக்கெட் வாங்கி, பட்டையை மாற்றிக்கொண்டு வந்தபோது மூன்று நிமிடம் மிச்சம். குழந்தையோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும் என்றாள் வாசல் பெண்.

“நீ போம்மா” என்று மகளின் பையை வாங்கிக்கொண்டார்.

வண்டி உச்சிக்குப் போய்த் தலைகுப்புறக் கீழே பாய்ந்தபோது, வாலுவின் குரலையும் மீறி ஒரு குரல் வானத்தைப் பிளந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்போடு அலறிக்கொண்டிருந்தாள் மகள். பெயிண்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“யாரு சார் அது, இந்தப் போடு போடறாங்க?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“என் பொண்ணு. அவளுக்கு பயமே கிடையாது சார். நான்தான் இத்தனை வருஷமா பொய் சொல்லிட்டிருந்தேன்.”