கையை விட்டுப் போன ரேகைகள்

செவ்வாய்க்கிழமை காலையில், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண்ணின் கைரேகைகள் பத்து விரல்களையும் விட்டு இறங்கிப் போய்விட்டன. கடைக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையில் ஒட்டிய முடி வழுக்கி இறங்குவதுபோல ஒவ்வொன்றாகச் சுழி பிரிந்து இறங்கி, தொட்டி விளிம்பில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே போயின. வலி எதுவும் இல்லை. கடை முதலாளி எட்டிப் பார்த்து, "நல்லதாப் போச்சு, இனிமே லென்ஸ்ல கறை படாது" என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கப் போனார். அவர் வாக்கு பொய்க்கவில்லை. அந்தக் கடைக் கண்ணாடிகள் அதற்கு முன் அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை.

ரேகைகள் கோபித்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. அவளும் அவள் தங்கையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டவர்கள். மூத்தவன் அக்காவுக்கு, இளையவன் தங்கைக்கு. மூத்தவன் பெண்டாட்டி மேல் கை நீட்டாதவன். அதையே பெரிய புண்ணியமாகச் சொல்லிக்கொண்டு திரிபவன். இளையவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் அவன் அடி ஒருநாளும் குறி தப்பியதில்லை. முன்பல் ஒன்று போன அன்று தங்கை ஒற்றைப் பையோடு வெளியேறி, வேறு ஊரில் ஒரு விடுதியில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இடம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அது அவள் போனில் இருந்தது. அந்தப் போனை விரல் வைத்துத் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தவன் மூத்தவன்தான். "பாஸ்வேர்டு மறந்துபோகும், விரல் மறக்குமா?" என்றான். அப்போது ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆள் தூங்கும்போது விரல் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் சற்றுக் கண்ணயர்ந்திருந்தாள். மூத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலைப் பூப்போல எடுத்துப் போன்மேல் வைத்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கையை அவ்வளவு பதமாக அவன் தொட்டதே இல்லை. மறுநாள் இளையவன் விடுதி வாசலில் நின்றான். தங்கை செருப்பைக்கூட விட்டுவிட்டுப் பின்படிக்கட்டு வழியாக ஓடித் தப்பினாள். அன்று சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "அக்கா, நீயா சொன்ன?" என்று அந்த ஒன்றைத்தான் கேட்டாள். "நான் சொல்லலடி. என் கை சொல்லிடுச்சு" என்றாள் அக்கா. அதை ரேகைகளும் கேட்டிருக்க வேண்டும். மானமுள்ளவை, விடிந்ததும் கிளம்பிவிட்டன.

ரேகை போன அன்றே அவள் போனுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தாள். தங்கை மறுபடி கூப்பிட்டுச் சொன்ன புது இடம் அதற்குப் பின்னால் போய்ப் பத்திரமாக உட்கார்ந்தது. வீடு அமளிப்பட்டது. மாமியார் பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். மூத்தவன் கல்யாணத் தேதியை அடித்தான். இளையவன் வெட்கமில்லாமல் தன் பெயரையே அடித்துப் பார்த்தான். இதைச் சொல்லி ஊர் இன்றைக்கும் சிரிக்கிறது. ஒன்றும் பலிக்காமல் சொந்தக்காரர்களைக் கூட்டினார்கள். வீட்டுக்குப் பெரியவர், மாமனாரின் அண்ணன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டிக்கு என்னம்மா ரகசியம்?" என்று ஆரம்பித்தார்.

"விரல் வெளியில இருந்துச்சு மாமா, தூங்கும்போது திருடிட்டாரு. இது உள்ள இருக்கு. வேணும்னா என்கிட்ட கேட்டுத்தான் ஆகணும். கேளுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கேட்டார்கள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், சோறு போடுவதை நிறுத்தினார்கள். அவள் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது, "நான் எதுக்குப் போகணும்? ரேகைதான் போச்சு, நான் இங்கதான் இருக்கேன்" என்று உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மூத்தவன் அன்றிலிருந்து முன்னறை பெஞ்சில் படுத்தான். அடையாள அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் இயந்திரம் அவள் விரல்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அப்படி ஓர் ஆளே இல்லை என்றது. "ரேகை இல்லைன்னா நீங்க யாருன்னு நாங்க எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?" என்றார் குமாஸ்தா. "கேளுங்க சார், சொல்றேன்" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. மத்தியானத்துக்குள் அட்டை கைக்கு வந்துவிட்டது.

போன ரேகைகள் எங்கே என்பது, இளையவன் மறுபடி தங்கையைத் தேடிப் பேருந்து ஏறப்போன அன்றுதான் தெரிந்தது. படியில் கால் வைத்ததும் அவன் கண்ணாடியில் இடப்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை, வலப்பக்கம் ஒன்று, லென்ஸ் முழுக்கப் படிந்தன. சட்டை நுனியால் துடைத்தான், போகவில்லை. தடவித் தடவிக் கடைக்கு வந்தான். ஊரில் வேறு கடை இல்லை. அவள் மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே சோப்பு போட்டு, ஸ்பிரிட் போட்டு, மெல்லிய துணியால் துடைத்தாள். வேலையில் அவள் வஞ்சகம் செய்கிறவள் இல்லை. லென்ஸையே மாற்றினார்கள். மேஜைமேல் இருக்கும்வரை சுத்தமாக இருந்தது, அவன் மூக்கில் ஏறியதும் சுழி விழுந்தது. முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இது உன் கட்டைவிரல் மாதிரி இருக்கேம்மா" என்றார். அவள் வழவழவென்றிருந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "என்கிட்ட எங்க முதலாளி இருக்கு?" என்றாள். மீதி எட்டு ரேகைகளும் மூத்தவனின் படிக்கிற கண்ணாடியில் இருந்தன. செய்தித்தாள் படிக்கும்போது அவை ஒதுங்கிக்கொள்ளும். பெண்டாட்டியின் போனைத் தொட்டால் போதும், எட்டும் ஓடிவந்து அப்பிக்கொள்ளும்.

வருஷங்கள் போயின. மாமியார் காலமானாள். இளையவன் சுவரைப் பிடித்து நடக்கப் பழகினான். தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவன் கைக்கு எட்டாத தூரத்துக்கு. முதலாளிக்கு மூட்டுவலி வந்ததும் கடையை அக்காவே பார்த்துக்கொண்டாள். ஒருநாள் பட்டப்பகலில், நல்ல வெயிலில், தங்கை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பிரதான தெருவின் நடுவிலேயே நடந்து வந்து கடைக்குள் நுழைந்தாள். அக்கா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண் பரிசோதிக்கும் நாற்காலிப் பக்கம் அவளை வேலைக்கு நிறுத்தினாள்.

அந்த வாரமே இளையவன் வழக்கம்போலக் கண்ணாடி துடைக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்கா துடைத்துக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "யாரோ புதுசா இருக்காங்க போல" என்றான்.

தங்கை பதுங்கியிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் போதும். அவள் அவனுக்கு நேர் எதிரில் வந்து நின்று, "நான்தான்" என்றாள்.

அவன் எழுந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தான், சுழிமேல் சுழியாக ரேகைதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினான், ஆளா அலமாரியா என்று தெரியவில்லை. குரல் வந்த திசையில் கையை ஓங்கினான். பல்லைக் கழற்றிய அதே கை. அது அந்தரத்தில் நின்று, எங்கே இறங்குவதென்று தெரியாமல், கடைசியில் அவன் சட்டைப் பையையே தேடிப் போய் நுழைந்துகொண்டது. "துடைச்சாச்சு, போகல. அடுத்த வாரம் வாங்க" என்றாள் தங்கை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். அடுத்த வாரமும் வந்தான். வேறு எங்கே போவான்.

அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது தங்கையைப் படம் பிடிக்க அக்கா போனை எடுத்து, பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கினாள். "பாத்துக்கோடி, உனக்குத் தெரிஞ்சா என்ன" என்றாள். தங்கை வேண்டாம் என்று தலையாட்டி, அடித்து முடிக்கும்வரை முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.