பெயர் போடாத சீட்டு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், நூலகத்தின் மாடி அறையில் படம் போடுவார்கள். அன்று போட்டது ஒரு பழைய இத்தாலியப் படம், கறுப்பு வெள்ளை. அந்நியப் படை பிடித்து வைத்திருக்கும் ஒரு சின்ன ஊர். அந்தப் படை தேடுகிற ரயில்வே கூலி ஒருவனை அக்கம்பக்கத்தார் மாவு மில்லில் ஒளித்து வைக்கிறார்கள். கூட இருந்த ஒருவனே இரண்டு டின் எண்ணெய்க்காக அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். கடைசியில் கூலியைச் சுவரோரம் நிறுத்திச் சுடுகிறார்கள்.

நடித்தவர்களில் பாதிப் பேர் தெருவில் போய்க்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள் என்று திரைப்பட வட்டத் தலைவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் தொழிலில் பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வாரே தவிரத் தன் வாயை மூடமாட்டார்.

விளக்கு எரிந்ததும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். வங்கி ஊழியர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "படம் ஓடும்னு நெனச்சேன், நகருது" என்றார். பின்வரிசையில் ஒருவர் அப்போதுதான் கண் விழித்து, "சுட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

படம் பார்த்தவர்கள் தங்கள் கருத்தை ஒரு சீட்டில் எழுதி அட்டைப்பெட்டியில் போட வேண்டும். பெயர் போடுவது அவரவர் இஷ்டம். நல்லதாக நாலைந்து பொறுக்கிக் கீழே அறிவிப்புப் பலகையில் குத்துவது நூலகரம்மாவின் வேலை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அண்ணனோடு உட்கார்ந்து படத்தைப் பாதிவரைதான் பார்த்தாள். சிப்பாய்களின் பூட்ஸ் மில்லின் படிகளில் ஏறத் தொடங்கியதும் எழுந்து கீழே போய், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அது முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய சண்டை. அவன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். ஊரைப் பிடித்திருந்த படைக்கு எதிராக ஒரு துண்டறிக்கை அச்சடித்தான். அவளுடைய அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளியின் சாமான் அறைக்கு மேலே இருந்த பரணில், பிளாஸ்டர் பொம்மைகளுக்குப் பின்னால், மச்சானை ஒளித்து வைத்தார். ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் காலை வந்த சிப்பாய்கள் வேறு எந்த அறையையும் திறக்கவில்லை. நேராகப் பரணுக்கு ஏணி வைத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு பல் டாக்டர் சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தார். "ஒளிப்பதிவு அருமை. காட்டிக் கொடுத்தவனுக்குத் தண்டனை கொடுத்திருக்க வேண்டும். நாற்காலிகளுக்கு மெத்தை போடவும்." சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணெய் டின்னுக்காக யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. படம் எடுத்தவருக்கு இது தெரியவில்லை. அவர்கள் ஒன்றும் தரமாட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்து மரியாதையாக இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் வாய் தானாகச் சொல்லிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிடவும் முடியும். படத்தில் அது இல்லை."

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கார் பாருங்க. பேரே போடல. இதை முதல்ல குத்துங்கம்மா."

நூலகரம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி வட்டங்கள். சின்ன வயதில் அவளுக்கு ஆனா ஆவன்னா எழுதிக் காட்டிய அண்ணனின் கை அது. கீழே இறங்கிப் போய், பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி அதை மாட்டினாள்.

அந்த ஒன்பதாம் நாள் நினைவுக்கு வந்தது. அண்ணனைப் படை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் திரும்பி வந்தவர், பள்ளிக்கூடச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள், அவ்வளவுதான் என்றார். அவள்தான் பரிமாறினாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணி இறந்த பிறகு வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது அவர் ஜன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

"அன்னிக்கு நான்தானே அண்ணா உங்களுக்குச் சோறு போட்டேன்?"

கத்தி நின்றது. என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"நான் பேர் போடலையே" என்றார்.

"பேர் எதுக்கு? ஊரே படிக்கிற மாதிரி பலகையில குத்தியாச்சு. பிரமாதமா எழுதியிருக்கீங்களாம்."

பென்சில் தூளை உள்ளங்கையில் வாரிக்கொண்டார். "அவங்க என்னை அடிக்கக்கூட இல்லம்மா. அடிச்சிருந்தா வீம்புக்காவது வாயை மூடிட்டு இருந்திருப்பேன். தண்ணி குடுத்தாங்க. 'சார்'னு கூப்பிட்டாங்க."

"சார்னு கூப்பிட்டதுக்கா என் புருஷன்?"

"முப்பத்தொரு வருஷம் உன்னை என் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டேனே. ஒருநாள் முகம் சுளிச்சிருப்பேனா?"

"அதுக்குப் பேரு பாசம்னு நெனச்சிட்டு இருந்தேன்." "அந்தச் சலவைக்காரம்மா மேல நான் பழி போட்டப்ப, பக்கத்துலதானே நின்னீங்க?"

"நீயாத்தானே சொன்னே. நான் சொல்லலையே."

அந்த ஒரு வார்த்தையில் ஏதோ அறுந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. அவளாகத்தான் சொன்னாள். பள்ளிக்கு எதிரே சலவைக்கடை. அவள் கணவனுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போவதை இரண்டு முறை பார்த்தவள் அந்தச் சலவைக்காரி. கணவனைச் சுட்ட சேதி வந்த அன்று, அவள் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரி அந்தக் கடைமேல் வீசினாள். "காட்டிக் கொடுத்தவளே, நீ நல்லா இருப்பியா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தெரு முழுவதும் நம்பியது. அதன்பின் அங்கே துணி போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சலவைக்காரி போன வருஷம் செத்தபோது, எதிர்வரிசையில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவள் சலவைக்கடைக்குப் போனாள். இப்போது மகள்தான் கடையை நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. வந்தவளைப் பார்த்தும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

நூலகரம்மா தாழ்ந்த குரலில், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பெயரையும் மறைக்கவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கணும். காலம் கடந்துபோச்சு. உன்கிட்டயாவது சொல்லிடணும்னு வந்தேன்."

மகள் ஒரு சட்டையின் காலரை மடக்கித் தேய்த்தாள். "எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியணும்ல?"

"நாங்க செய்யலன்னு எங்களுக்கு எப்பவுமே தெரியும். தெரியாம இருந்தது நீங்கதான்." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு ரெண்டு வரன் தட்டிப் போச்சு. ரெண்டு தடவையும் யாரோ போய்ச் சொல்லிட்டாங்க, இது காட்டிக் கொடுத்த குடும்பம்னு. எங்கம்மா உங்களைத் திட்டவே இல்ல. புருஷனைப் பறிகொடுத்தவ, எதையாவது பேசத்தான் செய்வான்னு சொல்லுவாங்க."

நூலகரம்மா கைகூப்பினாள்.

"கும்பிடாதீங்க. அன்னிக்குத் தெருவுல நின்னு சொன்னீங்க. இன்னிக்கு உள்ள வந்து காதோட சொல்றீங்க."

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். அதே இடம்தான். வெயில் ஏறியிருந்தது. உரக்கச் சொன்னாள்: "சலவைக்காரம்மா காட்டிக் கொடுக்கல! என் கூடப்பிறந்த அண்ணன்தான் காட்டிக் கொடுத்தாரு! நான் சொன்னது அத்தனையும் பொய்!"

காய்கறிப் பையோடு வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார். எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இளம்பெண் எட்டிப் பார்த்தாள். போன மாதம்தான் குடிவந்தவள்.

"யாரும்மா? எந்தச் சலவைக்காரம்மா?"

அவளிடம் எங்கிருந்து தொடங்குவது என்று நூலகரம்மாவுக்குத் தெரியவில்லை. அன்று மண்ணை வாரி வீசியதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். கடை வாசலில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பெட்டி சூடு ஆறிவிடும் என்பதுபோல உள்ளே திரும்பிவிட்டாள்.